கிராணி பிரிக்க முடியாத கடிதம்

டன்மோர் தோட்டம், ரிங்லெட்
6 நவம்பர் 2024

அன்புத் தங்கை ஐவிக்கு,

மடத்தில் உனக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் எனக்கு நீ ஐவிதான். மதர் இதைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்று தெரியும். அவருக்கும் என் வணக்கம். நானும் உன் அத்தான் மார்கஸும் நலம். அம்மாவுக்கு முட்டிதான் வேலை செய்வதில்லை, வாய் நன்றாக வேலை செய்கிறது. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனோம். கேட்டில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி அந்தக் கல்லறை மேட்டைச் சமப்படுத்தி, கண்ணாடிக் கூரை வைத்த விடுதி கட்டப் போகிறதாம். சுற்றுலாக்காரர்கள் படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாமாம். சொந்தக்காரர்கள் இருந்தால் ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணோடு, எந்தக் கல்லறை என்று எழுதி ஆட்சேபம் கொடுக்க வேண்டும். யாரும் கேட்டு வராத கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளை எல்லாம் வேறு எங்கோ ஒரே குழியில் போட்டு மூடிவிடுவார்களாம்.

கீழ்ப்பாதி நம் ஆட்கள், மேல்பாதி இந்து ஆட்கள். ரிங்லெட்டில் தையல்கடை வைத்திருக்கும் சாரதாவும் நானும் நடந்து நடந்து எண்ணினோம். நூற்று எண்பத்தேழு. ஆனால் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் மிச்சம் இருப்பது பதினொரு குடும்பம். மற்றவர்கள் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? அதனால் ஓர் இணையதளம் தொடங்கினேன். ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் புவனேஸ் செய்து தந்தார். ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு போட்டோ, ஒரு நம்பர், கீழே நிரப்ப ஒரு ஃபாரம்.

லிங்கை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அனுப்பினேன். திறந்தால் மேலே 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது. கோலா தெர்லாவில் லோரி ஓட்டும் புனிதன் குரல் செய்தியே போட்டுவிட்டான். "ஐசி நம்பர்லாம் கேக்குது, ஸ்கேம் லா இது, யாரும் தொடாதீங்க!" அவனுடைய தாத்தாவே நாற்பத்திரண்டாம் நம்பரில் படுத்திருக்கிறார்.

பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறார் புவனேஸ். அவர் சொல்லும் கம்பெனியில் வருடத்துக்கு ஆயிரத்து இருநூற்று எண்பது ரிங்கிட். ஐந்து வருடத்துக்குச் சேர்த்து வாங்கினால் விலையில் கழிவாம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளிடம் இதைச் சொல்கிறார். நீ ஈப்போவில் ஆறு வருடம் இதே வேலை பார்த்தவள். மலிவாக, நம்பும்படி எதை வாங்கலாம் என்று எழுது.

அப்பா பதினெட்டாம் நம்பர்.

கோபத்தோடு,
உன் அக்கா ஜூலியானா


20 நவம்பர் 2024

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும், அக்கா.

மூச்சிரைப்பு மழை நாளில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அம்மாவின் முட்டிக்காக ஜெபிக்கிறேன். வாய்க்கு ஜெபம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

புவனேஸிடம் பணம் கொடுத்துவிடாதே. சான்றிதழ் என்பது ஒட்டிய கவர் மாதிரி. எழுதியவருக்கும் போய்ச் சேருகிற இடத்துக்கும் நடுவில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆயிரத்து இருநூற்று எண்பது கொடுத்து வாங்கும் கவரும், சும்மா கிடைக்கும் கவரும் ஒரே பசையால்தான் ஒட்டப்படுகின்றன. விலை கூடியதற்குக் கம்பெனிப் பதிவையும் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். முன்பு அதற்கு முகவரிக் கட்டத்தில் பச்சை நிறம் காட்டும். நான் வேலையை விடும் முன்பே அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு என்று விற்பவர் ஐந்து வருடப் பணத்தை முன்னால் வாங்கிக்கொள்கிறார். எந்தச் சான்றிதழும் ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஓடாது.

இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் அதற்கு நீ உள்ளே போய்ச் சில வேலைகள் செய்ய வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லித்தர நான் இல்லை. அறுபது ரிங்கிட்டில் ஒரு சாதாரணச் சான்றிதழ் கிடைக்கும், அதை வாங்கு. இணையதளத்தின் பெயரைப் பதிந்தபோது கொடுத்த மின்னஞ்சலுக்கு ஒரு மெயில் வரும். அதில் உள்ள லிங்கை அமுக்கினால் வேலை முடிந்தது.

டிசம்பர் ஒன்றில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை இங்கிருந்து கடிதம் வராது. எங்கள் ஒழுங்கு அது.

பதினெட்டு என்று எழுதியிருந்தாய். குறித்துக்கொண்டேன்.

தங்கை ஐவி


29 நவம்பர் 2024

ஐவிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். நீ சொன்னபடி அறுபது ரிங்கிட் கட்டினேன். புவனேஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மெயில் இன்னும் வரவில்லை. வரும். காத்திருக்கிறேன்.

அவசரத்தில்,
அக்கா


26 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்குக் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி.

அம்மா கேக் சாப்பிட்டாரா? எங்களுக்கு இந்த வருடம் யாரோ பழக் கேக் அனுப்பினார்கள். உன் கேக் மாதிரி இல்லை.

உன் கடிதத்தை இன்றுதான் மதர் கொடுத்தார். மெயில் சில நிமிடங்களில் வந்துவிடும் அக்கா. நாள்கணக்கில் வராமல் இருந்தால் அது வேறு யாருக்கோ போயிருக்கிறது. பெயரைப் பதிந்தபோது யாருடைய மின்னஞ்சலைக் கொடுத்தாய்?

ஐவி


20 ஜனவரி 2025

என் தங்கைக்கு,

பொங்கலன்று சாரதா வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. அம்மா இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏறிவிட்டது என்று என்னைத் திட்டினார். குளிர் இந்த வருடம் அதிகம். நீ ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா, அதற்கும் உங்கள் ஒழுங்கு இடம் கொடுக்காதா? மார்கஸ் வாரத்தில் மூன்று நாள் காய்கறி ஏற்ற லெம்பா பெர்த்தாமுக்குப் போகிறார். முட்டைக்கோஸ் விலை ஏறிவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆட்சேபம் கேட்கும் விசாரணைக்குத் தேதி போட்டுவிட்டார்கள். ஏப்ரல் எட்டு. இதுவரை ஃபாரம் நிரப்பியவர்கள் ஒன்பது பேர். அதில் நான் ஒருத்தி, மார்கஸ் ஒருத்தர், சாரதா ஒருத்தி. மற்றவர்கள் எச்சரிக்கையைப் பார்த்ததும் ஓடிவிடுகிறார்கள். கம்பெனி ஆட்கள் மேட்டில் ஆணி அடித்துச் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள். நான் அவிழ்த்துவிட்டேன். மறுபடி கட்டினார்கள். மறுபடி அவிழ்த்தேன். இப்போது என்னிடம் நிறைய சிவப்பு நாடா இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஜூலியானா


3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

ஸ்வெட்டர் போடுகிறேன். மதருக்கும் ஒன்று பின்னிக்கொடுத்தேன்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ முட்டைக்கோஸ் விலையை எழுதியிருக்கிறாய். மறுபடி கேட்கிறேன். யாருடைய மின்னஞ்சல்?

மார்ச் ஐந்தில் தவக்காலம். அதன் பிறகு நாற்பது நாளும் நாங்கள் எழுதக் கூடாது. உன் விசாரணை அதற்குள் வந்துவிடுகிறது. அதனால் உடனே பதில் போடு.

ஐவி


24 பிப்ரவரி 2025

ஐவி,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ சுகமாக இரு.

தோட்ட ஆபீஸ் கிளார்க், நம் கிராணியின் மின்னஞ்சல். போதுமா?

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் மழுப்பினேன். பெயர் பதிகிற ஃபாரத்தில் 'தொடர்புக்கு' என்று இருந்தது. நம் ஆட்கள் தொடர்புக்கு என்ன எழுதுவோம்? பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும், கரண்ட் பில்லுக்கும், அப்பாவின் சேமநிதிப் பணத்துக்கும் அதையேதான் எழுதினோம். டன்மோர் தோட்ட ஆபீஸ், மேற்பார்வை கிராணி. நம் லைனுக்குத் தபால்காரர் ஒருநாளும் வந்ததில்லை. எல்லாம் ஆபீசுக்குப் போகும், கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். கை தானாக எழுதிவிட்டது ஐவி. ஆபீஸ் மின்னஞ்சல் என்று ராதாகிருஷ்ணன் கிராணியின் முகவரியைப் போட்டுவிட்டேன். அவரைக் கேட்கக்கூட இல்லை. தோட்ட மேனேஜர் துரைக்கு எதிராக நான் செய்கிற வேலைக்குத் துரையின் ஆபீசையே காவல் வைத்திருக்கிறேன்.

டிசம்பரிலேயே அவரிடம் போனேன். "சார், சான்றிதழ் விஷயமா உங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்கும். அத கொஞ்சம் அமுக்கி விடுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பேர்ல வந்த மெயில நான் பாத்துக்கறேன் மா. நீ போலாம்."

"ஒரு லிங்க் தானே சார்."

"நாளைக்கு துரை கூப்பிட்டு, இதுக்கு நீதான் ஓகே சொன்னியான்னு கேட்டா நான் என்ன சொல்றது? ரிட்டையர் ஆக எட்டு மாசம் லா. என்ன வம்புல மாட்டி விடாத."

"உங்க அம்மாவும் அந்த மேட்டுலதான சார் இருக்காங்க? அறுபத்தொன்னாம் நம்பர்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நான்கு முறை போனேன். நான்கு முறையும் மீட்டிங்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் பிப்ரவரிக் கடிதம் என் கைக்கு வந்தபோது கவரின் ஒட்டு பிரிந்திருந்தது. அங்கே மதர் படிக்கிறார், இங்கே கிராணி படிக்கிறார், எனக்கு எழுதிய கடிதத்தை நான் மூன்றாவது ஆளாகப் படிக்கிறேன். இனிமேல் சாரதாவின் கடை முகவரிக்கு எழுது. கீழே கொடுத்திருக்கிறேன்.

இணையதளம் இருக்கும் இடத்தின் வாடகைக் கணக்கு மட்டும் என் பெயரில், என் மின்னஞ்சலில் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? முடிந்தாலும் என்ன, நீ எழுதுவதற்குள் தவக்காலம் வந்துவிடும். சட்டம் சட்டம்தானே. மடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று அப்பா அடக்கத்துக்கே நீ வரவில்லை, அவருடைய கல்லறைக்காகவா சட்டத்தை மீறப் போகிறாய்?

ஜூலியானா


12 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு, இந்தத் தவக்காலத்தில் எல்லா நன்மையும் கிடைக்கட்டும்.

உன் கடிதம் சாம்பல் புதனன்று வந்தது. எழுத அனுமதி கேட்டேன். இல்லை என்றார் மதர். மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் கேட்டபோது, "இறந்தவரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்னு ஞானோபதேசத்துல படிச்சோமே. அடக்கம் செஞ்சவங்கள எடுத்து வீசாம பாத்துக்கறதும் அதுக்குள்ள வரும்தானே சிஸ்டர்?" என்று என்னையே கேட்டார். வரும் மதர் என்றேன். "அப்ப ஒரு பக்கம். ஒரே ஒரு தடவை" என்றார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இணையதளம் உன்னுடையது என்று நிரூபிக்க மெயில் ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. தளத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பை வைத்துக் காட்டினால் போதும். அதற்கு உன் வாடகைக் கணக்கு மட்டும் வேண்டும். கிராணியின் மெயிலை அது தேடவே தேடாது.

உன் கணக்கில் நுழை. பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இலவசச் சான்றிதழைத் தேர்ந்தெடு. லாபம் பார்க்காத ஒரு சங்கம் உலகம் முழுக்க அதைக் கொடுக்கிறது, எல்லா போனும் அதை ஏற்கும். எப்படி நிரூபிக்கிறாய் என்று கேட்டால் மெயிலைத் தொடாதே, கோப்பு வழியைத் தேர்ந்தெடு. மற்றதை அதுவே செய்துகொள்ளும். தொண்ணூறு நாள் ஓடும். காலம் முடியும் முன் தானாகப் புதுப்பிக்கும் பட்டனையும் மறக்காமல் அமுக்கு. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வந்தால் முடிந்தது.

நவம்பரிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அக்காவுக்கு இதெல்லாம் வராது என்று நானாக முடிவு செய்து, சுலபமான வழி என்று மெயிலைச் சொன்னேன். நான்கு மாதம் போனது என்னால்தான். கிராணியைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்.

அப்பா அடக்கத்துக்கு வராததைப் பற்றி எழுதியிருந்தாய். ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

ஐவி


21 மார்ச் 2025

என் ஐவிக்கு,

அம்மா, மார்கஸ், சாரதா, சாரதாவின் தையல் மெஷின், எல்லாரும் நலம். மதருக்கு ஒரு பழக் கேக் அனுப்புகிறேன். தவக்காலம் முடிந்து சாப்பிடட்டும்.

பூட்டு வரவில்லை! சாரதா கடையில் உட்கார்ந்து நீ சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தோம். எல்லாம் முடிந்து திறந்து பார்த்தால் பூட்டுக்குப் பதிலாக இரண்டு சின்னக் கோடும் இரண்டு வட்டமும் இருந்தன. புவனேஸுக்குப் போன் போட்டோம். "அக்கா, இப்ப குரோம்ல பூட்டுலாம் எடுத்துட்டாங்க. இதான் லா. ஓகே ஆயிடுச்சு" என்றார். ரொம்ப விவரம் தெரிந்தவளே, உன் படிப்பு நாலு வருடம் பழசு. பிறகு அவரே, "ஃப்ரீயா எடுத்தீங்களா? எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். ஆயிரத்து இருநூற்று எண்பது என்றேன். சிரித்துவிட்டார்.

எச்சரிக்கை போய்விட்டது. லிங்கை மறுபடி எல்லா குரூப்பிலும் போட்டேன். முதல் ஆளாகப் புனிதன் தாத்தாவைப் பதிந்தான். "முன்னாடி சொன்னத மறந்துருங்க, இது நம்ப தளம்தான்" என்று குரல் செய்தியும் போட்டான். ஒரே வாரத்தில் நூற்று நாற்பது கல்லறைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். லண்டனிலிருந்து இருளப்பன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று தலைமுறையாக யார் என்றே தெரியாமல் கிடந்த ஏழாம் நம்பருக்கு இப்போது பெயர் இருக்கிறது.

ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழும், 'பதிந்தவர்' என்று சொந்தக்காரர் பெயர் தெரியும்படி செய்திருக்கிறேன். ஐசி எண் வெளியே தெரியாது. அறுபத்தொன்றில் வடிவம்மாள், முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர் என்று நானே எழுதினேன். பதிந்தவர்: யாருமில்லை. அதை அப்படியே விட்டிருக்கிறேன். ஊரே பார்க்கட்டும்.

நீ பதில் போட முடியாது என்று தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

அன்புடன்,
அக்கா


9 ஏப்ரல் 2025

ஐவிக்கு, ஆயிரம் முத்தங்கள். மதர் இதைப் படித்துச் சிரிக்கட்டும், பரவாயில்லை.

நேற்று விசாரணை. கம்பெனி பக்கம் வக்கீல், துரை, பின்னால் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு நம் கிராணி. எங்கள் பக்கம் சாரதா, நான், பதினொரு வீட்டுக்காரர்கள், லோரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்த புனிதன். விசாரிக்கும் அரசாங்க அதிகாரி நம் தளத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டச் சொன்னார்.

வக்கீல் ஒரு பழைய படத்தை நீட்டினார். 'பாதுகாப்பற்றது' என்று மேலே இருந்தது. யார் வேண்டுமானாலும் நடுவில் புகுந்து எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், இதை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்றார். சுவரைப் பாருங்கள் சார் என்றேன். அதிகாரியே எழுந்து போய் அந்த இரண்டு கோட்டை அமுக்கினார். 'இணைப்பு பாதுகாப்பானது' என்று வந்தது. பட்டியலில் பத்துப் பேருக்கு அங்கேயே போன் போட்டு விசாரித்தார்கள். பத்துப் பேரும் எடுத்தார்கள்.

உடனே வக்கீல் வேறு பாட்டுப் பாடினார். ஃபாரத்தில், 'கடைசியாக எப்போது கல்லறைக்கு வந்தீர்கள்' என்று நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். முட்டாள்தனமாக வைத்தேன். பாதிப் பேர் பத்து வருடம் முன்பு, சின்ன வயதில் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வராத ஆட்களுக்கு எதற்குக் கல்லறை, எலும்பு எங்கே இருந்தால் என்ன என்று கேட்டார். அப்பா எங்கே இருக்கிறார் என்று தேடுகிற மாதிரி பட்டியலைப் பதினெட்டுக்கு நகர்த்தினேன். அங்கே என் பெயருக்கும் அம்மா பெயருக்கும் கீழே மூன்றாவதாக ஒன்று இருந்தது. மார்ச் இருபத்தெட்டில் வந்தது. அதுவரை நான் பார்க்கவே இல்லை.

பெயர்: ஐவி அமல்தாஸ். உறவு: மகள். கடைசியாக எப்போது வந்தீர்கள்: வந்ததே இல்லை. இனியும் வர முடியாது. அதனால்தான் அப்பா அங்கேயே இருக்க வேண்டும்.

கடிதம்தானே எழுதக் கூடாது, ஃபாரம் நிரப்பக் கூடாது என்று சட்டமில்லையே! மதரின் கம்ப்யூட்டரா? யார் ஐடியா, உன்னுடையதா அவருடையதா?

எழுந்து நின்று உரக்கப் படித்தேன். முதலில் தமிழில், பிறகு மலாயில். மலாயில் மீதிப் பாதியைச் சாரதா படித்து முடித்தாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மேட்டை விட்டுவிட்டுத் திட்டத்தை மாற்றி வரைந்து வரச் சொல்லியிருக்கிறார் அதிகாரி. எழுத்தில் வரும்வரை நான் நம்பப் போவதில்லை. சிவப்பு நாடாவையும் தூக்கிப் போடவில்லை.

வெளியே வந்தபோது கிராணி பின்னாலேயே வந்தார். "ஜூலியானா, அறுபத்தொன்னுல... என் பேர நீயே போட்டுடேன் மா."

"நான் போட மாட்டேன் சார். தளம் பாதுகாப்பாதான் இருக்கு. நீங்களே உங்க கையால எழுதுங்க. அப்படியே இணையதளப் பேர என் பேருக்கு மாத்துற மெயில் ஒன்னு உங்களுக்கு வரும், அதையும் அமுக்குங்க."

அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் இரண்டையும் செய்தார். துரையின் கார் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் நிமிரவில்லை.

இன்று காலை பதினெட்டுக்குப் போய் அப்பாவுக்கு உன் மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். பிப்ரவரியில் நான் எழுதிய அந்தக் கடைசி வரியைக் கிழித்துவிடு. நீ அடக்கத்துக்கு வரவில்லை என்று இனி யாராவது வாயைத் திறக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

தவக்காலம் முடிந்து பாஸ்கா வந்ததும் எழுது. இந்த முறை எத்தனை பக்கம் வேண்டுமானாலும்.

உன் அக்கா
ஜூலியானா அமல்தாஸ்